உன் நிறை தெரியாத சீட்

மனே, சீட் எழும்பிவிட்டது, உண்மையாகவே எழும்பிவிட்டது, நான் அதில் உட்கார்ந்திருக்கும்போதே 'டப்' என்று தூக்கி என் உச்சந்தலையைக் கூரையில் இடித்துவிட்டது, இத்தனை வருடம் நாம் இரண்டு பேரும் மல்லுக்கட்டிய, நம் காரின் அந்த இடப்பக்க சீட் இன்றைக்கு வேலை செய்துவிட்டது!

தலை இன்னும் விண் விண் என்று இருக்கிறது. இடித்த உடனே நான் போட்ட கூச்சலில் மாமரத்திலிருந்த காகங்கள் எல்லாம் பறந்துவிட்டன. மறுகணமே, பழக்கதோஷத்தில், வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீ அங்கேதானே இருப்பாய்? ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டு, போனை என் பக்கம் நீட்டி, "அம்மா, கெமராவப் பாத்துச் சிரிங்க" என்று சொல்லிக்கொண்டு. அங்கே ஸ்க்ரூ டிரைவரும் பாதி குடித்த தேத்தண்ணிக் கோப்பையும்தான் இருந்தன. போனைத் தகரப் பால் பேணியில் சாய்த்து எஞ்சின் மூடியின்மேல் வைத்திருந்தேன். சீட் எழும்பிய அதிர்ச்சியில் அது மல்லாக்க விழுந்துவிட்டது. வீடியோவில் என்ன பதிந்திருக்கிறது தெரியுமா? மாமரத்து இலை, கொஞ்சம் வானம், பின்னணியில் ஒரு பொம்பிளையின் அலறல். பார்ப்பவர்கள் பேய்ப்படம் என்று நினைப்பார்கள். ஆக, சீட் வேலை செய்தது என்பதற்கு என் தலையில் இருக்கும் வீக்கம்தான் சாட்சி. நான் சொல்வதை நம்பக்கூடிய ஆள் உலகத்தில் நீ ஒருவன்தான்.

இதை ஏன் எல்லாரும் வாசிக்கும்படி வெளியே போடுகிறேன் என்று நீ கோபப்படுவாய். பொறு மனே, கோபப்படுவதற்கு முன் கேள். நான் அனுப்பும் குரல் செய்திகளை, நீளம் என்று, நீ திறப்பதில்லை. நான் போனில் கோல் எடுத்தால் நீ எப்போதும் நாலு பேருக்கு நடுவில் இருக்கிறாய். "சாப்பிட்டீங்களாம்மா? ஓம்மா. சரிம்மா. வைக்கிறன்மா." அவ்வளவுதான் நம்முடைய கதை. ஆனால் நான் இணையத்தில் என் பக்கத்தில் என்ன போட்டாலும் யாராவது ஓடிவந்து உன்னிடம் காட்டிவிடுகிறார்கள் என்று நீயே முறைப்பட்டுச் சொன்னாய். அதனால் சுற்றுவழியில் வருகிறேன். உன் பெயரையும் எழுதவில்லை, நீ படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் எழுதவில்லை. உன் மானத்துக்கு என்னால் முடிந்த காவல் அதுதான்.

நம்மைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள், ஆகவே ஒரு விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்குப் போய் இருப்பது. வீடு மகளுக்கு. மகன் ஒரு பெட்டியோடு போய்விடுவான். நீ பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பொம்பிளை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆம்பிளப் புள்ளையாகா? வளத்து ஆருக்கோ குடுக்கப் போறாய்" என்றாள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. "குடுத்தாத்தான் என்ன, நல்லா இருக்கட்டும்" என்று வாயடித்தேன். உனக்குப் பிறகு எனக்கு வேறு பிள்ளை இல்லை. உன் அப்பாவும் இப்படித்தான் ஒரு பெட்டியோடு இந்த அமிர்தகழி வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு அவருடைய வீட்டில் யார் தனியாக இருந்து சோறு தின்றார்கள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறேன். சோற்றுக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு யாரோ ஒரு வெள்ளைக்காரன் கார்க் கதவு கழட்டுவதைப் பார்த்தபடி சாப்பிடும்போது யோசிக்கிறேன்.

நம்முடைய காரை உன் அப்பா வாங்கியதே வாடகைக்கு, ஹயருக்கு விடலாம் என்றுதான். கட்டாரிலிருந்து லீவில் வந்தவர், யாரோ சொன்னதைக் கேட்டு அந்தப் பழைய வெள்ளைக் காரை வாங்கி மாமரத்துக்குக் கீழே நிறுத்தினார். ஓட்டுவதற்கு ஆள் பிடிப்பதற்குள் லீவு முடிந்து போய்விட்டார். பின்சீட்டில் கோழி முட்டையிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, கிளட்ச் எது பிரேக் எது என்று அடுப்படியில் இரண்டு பலகைக்கட்டையை மிதித்துப் பழகி, மாமாங்கத் திருவிழா முடிந்து வெறிச்சோடிக் கிடந்த வெளியில் ஓட்டப் படித்தேன். நீ பின்னால் ஓடிவந்து, "அம்மா, கிறுக்குங்க! கிறுக்குங்க!" என்று கத்தினாய். நான் ஸ்டேரிங்கைத் திருப்பாமல் நேரே போய்க் கச்சான் கடலை விற்கிற பெட்டிக்கடையின் ஓலைக்குள் மூக்கை விட்டேன். அந்த ஓலை கீறிய கோடு இன்னும் இடப்பக்கக் கதவில் இருக்கிறது.

அதே வருடம்தான் டிவியில் அந்த உளவாளிப் படம் போட்டார்கள், தமிழில் பேசவைத்தது. படத்தின் பெயர் வேண்டாம். உளவாளியையே நான் பார்க்கவில்லை, அவனுடைய காரைத்தான் பார்த்தேன்! நம்பர் பலகை சுழலுகிறது, பின்னால் புகை வருகிறது, முன் விளக்குக்குப் பக்கத்தில் துப்பாக்கி நீளுகிறது, கியர் தலையின் மூடியைத் திறந்து ஒரு பொத்தானை அமர்த்தினால் பக்கத்தில் இருக்கும் வில்லன் சீட்டோடு ஆகாயத்துக்குப் போகிறான். அடுத்த நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே நீ கேட்டாய்: "அம்மா, நம்மட காருக்கும் அப்படிச் செய்வமா?" நீ விளையாட்டுக்குத்தான் கேட்டாய். பல்லைத் துலக்கி முடித்ததும் மறந்திருப்பாய். நான்தான் அன்று மத்தியானமே வைப்பர் மோட்டாரைக் கழட்டி மேசையில் வைத்துவிட்டேன்.

நம்பர் பலகைதான் முதல். வைப்பர் மோட்டாரில் கம்பி பூட்டி, ஒரு பக்கம் உண்மையான இலக்கம், மறுபக்கம் நீ பெயின்டால் எழுதிய "கொஞ்சம் பொறுங்க". நமக்கு அது பெரிய பகிடி. கல்லடிப் பாலத்துக்கு இங்கால ட்ராபிக் பொலிஸ்காரர் கையைக் காட்டியபோதுதான் விளங்கியது, எல்லாருக்கும் அது பகிடி இல்லை என்று. நான் பயத்தில் பிரேக்கை மிதிக்கும்போது முழங்கால் பட்டு ஸ்விட்ச் விழுந்துவிட்டது. அவருடைய கண்ணுக்கு முன்னாலேயே இலக்கம் கிறுகி "கொஞ்சம் பொறுங்க" வந்தது. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. "அக்கா, நம்பர் எங்க போறது?" என்றார். நீ பின்சீட்டில் கோழி மாதிரிப் பதுங்கினாய். நான் திருப்பினேன். அவர் குனிந்து பலகையை விரலால் தட்டிப் பார்த்தார். "இன்னொருக்கா போடுங்க." போட்டேன். "பொறுங்க." பாலத்தின் அந்தப் பக்கம் நின்ற தன் கூட்டாளியைக் கூப்பிட்டு வந்து அவருக்கும் ஒருமுறை காட்டினார். இரண்டு பேரும் சிரித்து முடித்த பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, "அக்கா, கழட்டுங்க. வீட்டுல வெச்சுச் சுத்துங்க. ரோட்டுல சுத்தினா நான் உங்களக் கோட்டுக்குக் கொண்டு போக வேணும்" என்றார். அதற்குப் பிறகு அது நம் முற்றத்துக்குள் மட்டும்தான் கிறுகியது. வீடு வரும்வரைக்கும் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் பதிந்து வைக்கவில்லை. அப்போது பதிவதற்கு நமக்கு நேரம் இருக்கவில்லை, செய்வதற்கே நேரம் போதவில்லை.

துப்பாக்கிக் குழாய்கள் பிளாஸ்டிக், தண்ணீர் அடிக்கும், கத்தரிக் கன்றுக்குப் பாய்ச்சினோம். கூரையில் சீட் பறக்க ஓட்டை வெட்டியது என் புத்தி. மாரி மழையில் நீ காருக்குள் குடை பிடித்துக்கொண்டு டியூசனுக்கு வந்தாய். பிறகு கராஜ் ரொனி அண்ணன்தான் தகடு வைத்து அடைத்துத் தந்தார். அவரைத் தெரியாதவர்களுக்கு: டவுனில் கராஜ் வைத்திருக்கும் பறங்கி மனிசன், வேலையைவிடப் பகிடி அதிகம். "தங்கச்சி, உளவாளி ஆரும் மாமரத்துக்குக் கீழ கார் நிப்பாட்ட மாட்டான். எதிரி என்னத்துக்கு, மாங்காயே போதும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவார், ஒவ்வொரு முறையும் தானே சிரிப்பார்.

புகைதான் நம்மைக் கெடுத்தது. மருந்துக்கடையில் வாங்கிய கிளிசரினைத் தண்ணீரில் கலந்து, கண்ணாடி கழுவும் சின்ன மோட்டாரால் தெளித்து, டீசல் எஞ்சினின் சூட்டு பிளக்கில் விழவைத்தால் வெள்ளை வெளேரென்று புகை! என் வாழ்க்கையிலேயே முதல்தரம் ஒரு பொருள் நான் நினைத்ததைவிட நன்றாக வேலை செய்தது. உன் கலியாணத்தன்று அது வேலை செய்யக்கூடாது என்று நான் கம்பியைக் கழட்டித்தான் வைத்திருந்தேன், சத்தியமாக. காருக்குப் பூ கட்டியவர், பூவுக்குள் மின்னுகிற லைட்டுக்குக் கரண்ட் தேடி, தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கம்பியைத் தன் கம்பியோடு சேர்த்து முறுக்கிவிட்டார். மண்முனைப் பாலம் தாண்டி, கொக்கட்டிச்சோலையில் பொம்பிளை வீட்டு வாசலில் கார் நிற்கிறது, மேளம் அடிக்கிறது, ஆலாத்தித் தட்டோடு பொம்பிளைகள் வருகிறார்கள், "லைட்டப் போடுங்க!" என்று யாரோ சொல்ல அவர் போட்டார். அவ்வளவுதான்.

வேறு ஊராக இருந்தால் கார் தீப்பிடித்தது என்று ஓடியிருப்பார்கள். நம்முடைய ஆட்களுக்குப் புகை என்றால் ஒன்றே ஒன்றுதான் தெரியும். "டெங்குப் புகைக்காரன் வந்துட்டான்! சட்டிய மூடுங்கடி!" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல். கறிச்சட்டி, சோற்றுக் கிடாரம், பாயாசம், எல்லாவற்றுக்கும் மூடி தேடி ஓட்டம். ஒருவர் கிணற்றுக்குச் சாக்குப் போட்டார். "கலியாண வீட்டுக்குள்ளயுமா புகை அடிக்கிற? மனிசருக்கு ஒரு நாள் தவண குடுக்கேலாதா?" என்று பொம்பிளை தர்சினியின் மாமன் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று ஏசினார். மேளக்காரர் சின்னப் பிள்ளைகளோடு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டார். நீ பட்டு வேட்டியோடு இடுப்பளவு புகைக்குள் இறங்கி நின்றாய். எனக்கு அடக்க முடியவில்லை, மனே. பாலத்தில் நீ சிரித்த மாதிரி நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே உன் முகத்தைப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை. காதுக்குக் கிட்ட வந்து மெல்ல, "அம்மா, போதும்மா" என்றாய்.

அந்தப் புகையை யாரோ போனில் பிடித்துப் போட்டு, அது நீ படிப்பிக்கும் கரடியனாற்றுப் பக்கம்வரை போய், உன் வகுப்புப் பிள்ளைகள் உன்னைப் "புகை சேர்" என்று கூப்பிடுகிறார்கள் என்று தர்சினி சொல்லித்தான் தெரியும். "மாமி, கரும்பலகைக்கு முன்னுக்கு இவர் சோக்குத் தூசியத் தட்டினாலும் பின்னுக்கிருந்து 'சேர், புகை!' எண்டு கத்துறாங்களாம்" என்றாள் பாவம், அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, உடனே "அவரிட்டச் சொல்லிடாதீங்க" என்றாள். நீ எனக்குச் சொல்லவில்லை. நீ சிறுவயதில் முட்டியில் காயம் பட்டாலும் காற்சட்டையை இழுத்து மூடிக்கொண்டு வருகிறவன். கணிதம் படிப்பிக்கிற ஒரு புது சேருக்கு, பிள்ளைகள் பயப்படவேண்டிய நேரத்தில் சிரித்தால் எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கு விளங்குகிறது.

அதனால்தான் அப்பா கட்டாரிலிருந்து கோல் எடுத்து, "மழைக்கு முன்னம் கார அவனிட்டக் குடு. மோட்டார் சைக்கிள்ல அந்தத் தூரம் ஏலாது" என்று சொன்னபோது நான் மறுக்கவில்லை. கார் உனக்குத்தான். வேறு யாருக்கு? ஆனால் நீ தர்சினியின் அந்த மாமனோடு வந்து காரைப் பார்த்துவிட்டுப் போன அந்த நாளைப் பற்றி நான் கொஞ்சம் பேச வேண்டும். மாமன் டயரை உதைத்துப் பார்த்தார், பொனட்டைத் தட்டிப் பார்த்தார், கடைசியாகக் கியர் தலையைக் காட்டி, "என்ன மருமகன், இந்த மூடிக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார். நீ சொன்னாய்: "அது ஒண்ணுமில்ல மாமா. அம்மாட விளையாட்டுச் சாமான். எல்லாம் கழட்டிப் போட்டுத்தான் எடுக்கிற." நான் தேத்தண்ணித் தட்டோடு படியில் நின்றேன். அது பொய் இல்லை. விளையாட்டுத்தான். ஆனால் சொல்லிக்கொண்டே நீ என்ன செய்தாய் தெரியுமா? மாமனின் முகத்தைப் பார்த்துக் கதைத்தபடியே, குனிந்து பார்க்காமலே, பெருவிரலால் அந்த மூடியைத் திறந்து மூடினாய். அந்தக் கிளிக் சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தோடுதான் நான் இந்தக் கிழமையெல்லாம் இருக்கிறேன்.

இப்போது சீட்டுக்கு வருகிறேன். வாசிப்பவர்கள் பயப்பட வேண்டாம், அது யாரையும் ஆகாயத்துக்கு அனுப்பாது. வான்களின் பின்கதவைத் தூக்கிப் பிடிக்க இரண்டு பக்கமும் காஸ் தண்டு இருக்குமே, அதில் இரண்டை சீட்டுக்குக் கீழே அமர்த்தி வைத்து, பொனட் பூட்டால் கொளுவியிருக்கிறோம். பொத்தானை அமர்த்தினால் பூட்டு விடும், சீட் ஒரு முழம் எழும்பும். இதில் ஒரே ஒரு சிக்கல், இருப்பவரின் நிறை. தண்டு பலம் கூடினால் தலை இடிக்கும், குறைந்தால் அசையவே அசையாது. காத்தான்குடியிலிருந்து பழைய இரும்பு வாங்க வரும் முஸ்லிம் நானாவிடம்தான் தண்டும் வாங்கினோம், உன்னை நிறுத்ததும் அவருடைய லொறித் தராசில்தான். முதல்நாள் நீ அதில் ஏறி நின்றதும் அவர், "தம்பிய இரும்பு விலைக்குப் போடவா, செம்பு விலைக்குப் போடவா?" என்றார். "பொன் விலைக்குப் போடுங்க நானா" என்றேன். "அப்ப நான் வாங்கேலாது, வீட்டுலயே வெச்சிருங்க" என்றார்.

நம்மால் அந்த சீட்டை ஏன் ஒரு நாளும் வெல்ல முடியவில்லை என்று உனக்கும் தெரியும். நான் ஒரு நிறைக்குத் தண்டு தேடிப் பிடித்துப் பூட்டி முடிப்பதற்குள் நீ வளர்ந்துவிடுவாய். முதல் தண்டு உன்னைத் தூக்கி எறிந்து நாக்கைக் கடிக்கவைத்தது. அடுத்தது சரியாக வந்திருக்கும், அதற்குள் நீ கிரிக்கெட் என்று ஓடி இளைத்தாய். அதற்குப் பிறகு ஒரே வருடத்தில் தோள் அகன்று, மீசை வந்து, சீட் உன்னைச் சுமந்துகொண்டு முக்கியது. நீ படிக்கப் போய் லீவில் வரும்போதெல்லாம், பெட்டியை இறக்கிவைக்க முன்னமே நான் உன்னைத் தராசில் ஏற்றப் பார்ப்பேன். "அம்மா, மகன் வந்தா சோறு போடுவாங்க, நீங்க நிறுக்கிறீங்க" என்பாய். கிளினிக்கில் தொங்கு தராசில் உன்னைக் கட்டித் தூக்கி, நீ காலை உதைத்த நாளிலிருந்து உன் நிறை எனக்கு எப்போதும் தெரியும். மற்றத் தாய்மார் பிள்ளையின் வயதைச் சொல்வார்கள். நான் கிலோவைச் சொல்லுவேன்.

நீ கலியாணம் முடித்துப் போன பிறகு சீட்டைத் தொடவில்லை. மேற்கிலிருந்து கச்சான் காற்று பிடித்து மாவிலை எல்லாம் முற்றத்தில் கொட்டிக் கிடக்க, கூட்டவும் மனம் வராமல் இருந்தேன். பக்கத்துக்காரி, "என்னகா, காரும் குப்பைக்குள்ள, நீயும் குப்பைக்குள்ள" என்றாள். பிறகு, கழட்டத்தானே போகிறோம், கழட்டுவதற்கு முன் ஒருமுறையாவது எழும்பவைத்துப் பார்ப்போம் என்று நினைத்தேன். உன் பாரத்துக்கு அரிசி மூட்டை வைக்கலாம் என்று சாக்கைத் திறந்தேன். எவ்வளவு போடுவது? அங்கேதான் நின்றுபோனேன், மனே. அரிசி அளக்கும் சுண்டு கையில், சாக்கு வாய் திறந்து, எவ்வளவு போடுவது என்று தெரியவில்லை. தர்சினி அனுப்பிய படத்தில் உன் கன்னம் உப்பியிருக்கிறது, சட்டைப் பொத்தான் இழுக்கிறது, அவர்களுடைய வட்டையில் விளைந்த புது அரிசிச் சோறு உனக்கு ஒத்துப்போயிருக்கிறது. நல்லது. சந்தோஷம். ஆனால் உன் நிறை எனக்குத் தெரியாது. நீ பிறந்த பிறகு முதல்தரம் எனக்குத் தெரியாது.

சாக்கைக் கட்டிவைத்துவிட்டு நானே போய் அந்த சீட்டில் உட்கார்ந்தேன். வேறு யார் இருக்கிறார்கள்? கையில் இருந்த தண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி, எட்டிப் பொத்தானை அமர்த்தி அமர்த்தி, இன்றைக்கு மத்தியானம் எழும்பிவிட்டது. தலையை இடித்ததை விட்டால், என் நிறைக்குக் கனகச்சிதம். இத்தனை வருடம் உனக்காகச் செய்த சீட் கடைசியில் என்னைத்தான் தூக்குகிறது. சிரிக்கவும் முடியவில்லை. இறங்கி முற்றத்தைக் கூட்டினேன்.

கடிதம் என்று தொடங்கினால் தாய் புத்தி சொல்ல வேண்டும், நானும் கொஞ்சம் சொல்கிறேன், கேட்டுவிட்டு மற. அந்த வீட்டில் கறிக்கு உப்புக் காணாது என்றால் காணாது என்று சொல். விருந்தாளிதான் வாய் மூடிச் சாப்பிடுவான், நீ இனி அங்கே விருந்தாளி இல்லை. மாமியார் வீட்டுக் கதவு கிரீச்சிட்டால் எண்ணெய் விடு, குழாய் ஒழுகினால் பூட்டு, கையால் ஏதாவது ஒன்றைச் செய்துவை. நீ திருத்திய சாமான் நாலு இருந்தால் அந்த வீடு உனக்கு அந்நியமாக இராது. "ஒண்ணுமில்ல" என்ற சொல்லைக் குறை. அது நீ என்னிடம் படித்தது. அப்பா கோல் எடுக்கும்போதெல்லாம் நான், "இஞ்ச ஒண்ணுமில்ல, எல்லாம் நல்லம்" என்பேன், கூரை ஒழுகும்போதும் அதுதான், எனக்குக் காய்ச்சலாகக் கிடந்தபோதும் அதுதான். அவர் நம்பிவிட்டார். இப்போது அவருக்கு என்னிடம் கேட்கக் கேள்வியே இல்லை. தர்சினியிடம் அப்படிச் செய்யாதே. பிள்ளைகள் உன்னைப் புகை சேர் என்று சொன்னால் உனக்கு எப்படி இருக்கிறது என்று அவளுக்குச் சொல். அவள் முதலில் சிரிப்பாள். சிரித்து முடியப் பக்கத்தில் வந்து இருப்பாள்.

நீ கேட்டபடி கழட்டிவிட்டேன். நம்பர் பலகை மோட்டார், புகைக் குழாய், துப்பாக்கிகள், எல்லாம் மீன் வாங்கிய வெள்ளை நுரைப் பெட்டிக்குள், அந்த ரெஜிபோம் பெட்டிக்குள், போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். மணக்கும், பரவாயில்லை. ஓலைக் கோட்டுக்கும் ரொனி அண்ணன் பெயின்ட் அடிக்கிறேன் என்றார், அதை மட்டும் வேண்டாம் என்றேன். சாதாரண சீட் ஒன்றும் அவர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "தங்கச்சி, நாலு ஆணிதான். பூட்டினா இது ஒரு சாதாரண கார்" என்றார், அன்றைக்கு அவர் பகிடி விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ காரை எடுக்க வரும்போது அந்த சீட் பூட்டியிருக்கும், மாமன் உதைத்துப் பார்க்க டயருக்குக் காற்றும் அடித்திருக்கும்.

அதற்கு முன் ஒருமுறை வந்து உட்கார், மனே. பள்ளிக்கூடம் விட்டதும் வா. மாமனைக் கூட்டிவராதே, கூட்டிவந்தால் சந்திக் கடையில் தேத்தண்ணிக்கு இருத்திவிட்டு வா. வீடியோ எடுக்கமாட்டேன், ஒருவருக்கும் காட்டமாட்டேன். போனை அரிசிச் சாக்குக்குள் போட்டுவிடுகிறேன். நீ இடப்பக்கம் உட்கார வேண்டும், நான் வலப்பக்கம் இருந்து மூடியைத் திறந்து பொத்தானை அமர்த்த வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைக் கழட்டுவதா விடுவதா என்று நீ சொல். கழட்டச் சொன்னாலும் கோபமில்லை, ஆணியைப் பிடித்துத் தர நீ பக்கத்தில் நிற்பாய்தானே.

இனி வாசிக்கிற உங்களுக்கு. இவன் என் குரல் செய்தியைத் திறக்கமாட்டான், ஆனால் நீங்கள் காட்டினால் பார்ப்பான். அதனால் இதைப் பகிருங்கள், கொக்கட்டிச்சோலை இருக்கிற படுவான்கரைப் பக்கம் சொந்தம் பந்தம் இருந்தால் அவர்களுக்கும் அனுப்புங்கள். அவனுடைய வகுப்புப் பிள்ளைகள் யாராவது வாசித்தால், செல்லங்களே, சேரைப் புகை என்று கூப்பிட வேண்டாம், அது நான் விட்ட புகை, ஏசுவதென்றால் என்னை ஏசுங்கள். அவனுடைய நிறைக்கு ஏற்ற தண்டு தேட எனக்கு ஞாயிறுவரைக்கும்தான் நேரம். கொக்கட்டிச்சோலையில் நெல் நிறுக்கிற தராசு இல்லாத தெரு இல்லை. அந்தப் பக்கம் அவனைக் கண்டால் பகிடி பண்ணாமல், அம்மா கேட்டா என்று சொல்லி, ஒரு நிமிடம் தராசில் ஏற்றி, எத்தனை கிலோ என்று கீழே எனக்கு எழுதுங்கள்.